இரண்டு நகரங்கள், ஒரு குடும்பம்: வாழச் சிறந்தது எது என்று எப்படி முடிவு செய்வது?

கூடுதேடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான். எனக்கு ஒரு பெருநகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கணவருக்கு ஒரு நடுத்தர நகரத்தில். இருவரில் ஒருவர் கையில் இருக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு, போகிற இடத்தில் புதிதாக வேலை தேட வேண்டும். கூடவே பள்ளிக்குப் போகும் மகள், மூட்டு வலியோடு இருக்கும் அம்மா.

பெருநகரத்தில் சம்பளம் கூடுதல், வாடகையும் கூடுதல். நடுத்தர நகரத்தில் இரண்டுமே குறைவு, ஆனால் பார்த்த அளவில் நிம்மதியான இடம். நகரங்களின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தந்த ஊர்ப் பெருமைக்குப் போய்விடும். எனக்கு வேண்டியது ஒப்பிடும் முறை. உலகத் தரவரிசைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பட்டியலில் உச்சியில் இருக்கும் நகரம் இன்னொன்றில் கண்ணுக்கே தெரியவில்லை. எதை நம்பி முடிவெடுப்பது?

எண்மணி

தரவரிசைகளை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், தோழி. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கே பயன்படும்.

எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடும், வாழத் தகுந்த நகரங்களின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 173 நகரங்கள். குற்றம், கலவரம் போன்றவை சேர்ந்த நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், பண்பாடும் சுற்றுச்சூழலும் 25, மருத்துவம் 20, சாலை, போக்குவரத்து, குடிநீர், வீட்டுத் தரம் எல்லாம் அடங்கிய உள்கட்டமைப்பு 20, கல்வி 10. இந்த எடையில் 2011 முதல் 2017 வரை மெல்பர்ன் தொடர்ந்து முதலிடம். பிறகு வியன்னா 2018, 2019, மறுபடி 2022 முதல் 2024 வரை. 2025ல் கோபன்ஹேகன்.

எடையை மாற்றினால் வரிசையும் மாறும். அதனால்தான் பட்டியலுக்குப் பட்டியல் முரண். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் கல்விக்கு வெறும் 10 சதவீதம் போதுமா? அம்மாவுக்கு மருத்துவம் எவ்வளவு முக்கியம்? தலைப்புகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், எடையை நீங்களே போடுங்கள். நகரங்களுக்கு மதிப்பெண் போடும் முன்பே எடையை எழுதி வைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மனதுக்குப் பிடித்த நகரம் ஜெயிக்கிற மாதிரி எடையை நாமே நகர்த்திவிடுவோம்.

கல்தூண்

எண்மணி சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பட்டியலில் வாழ்க்கைச் செலவு என்ற தலைப்பே கிடையாது. வீட்டின் தரம் இருக்கிறது, வாடகை இல்லை.

காரணம் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது. தன் ஊழியரை வேறு நாட்டுக்கு அனுப்பும் நிறுவனம், சிரமமான நகரமாக இருந்தால் எவ்வளவு கூடுதல் படி தர வேண்டும் என்று முடிவு செய்வதற்கான அளவுகோல் அது. மதிப்பெண் 80க்கு மேல் என்றால் கூடுதல் படி தேவையில்லை, 50க்குக் கீழே என்றால் சம்பளத்தில் 20 சதவீதம் என்கிற மாதிரி. மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பட்டியலும் இதே தேவைக்குத்தான். வாடகையைப் பெரும்பாலும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் மனிதருக்கான பட்டியல், தன் சம்பளத்தில் வாடகை கொடுக்கும் குடும்பத்தின் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லும்?

இன்னொன்றும் பாருங்கள். 2021ல் ஆக்லாந்து முதலிடம். 2019ல் முதலிடத்தில் இருந்த வியன்னா 12ஆம் இடத்துக்குப் போனது. பெருந்தொற்றில் அருங்காட்சியகங்களும் உணவகங்களும் மூடிக் கிடந்தன, அதனால். அடுத்த ஆண்டே திரும்ப முதலிடம். அந்த இடைவெளியில் வியன்னாவின் டிராம், தண்ணீர், மருத்துவமனை எதுவும் ஓடிப்போகவில்லை. இவ்வளவு எளிதில் ஆடும் வரிசை எண்ணை நம்பி ஒரு குடும்பம் வீடு மாற்றக் கூடாது.

எண்மணி

ஒப்புக்கொள்கிறேன். நான் வரிசை எண்ணை நம்பச் சொல்லவில்லை, தலைப்புகளைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு வாரம் போய்ச் சுற்றிப் பார்ப்பவரின் கண்ணுக்கு மருத்துவ வசதியும் நீர்வளமும் தெரியாது. அதற்குக் கணக்கு வேண்டும்.

மீனலை

சம்பளம், வாடகை பற்றி ஒரு வார்த்தை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். சேர்த்துப் பார்த்தால் அவையே ஒரு நகரத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

பொருளாதாரத்தில் ஷெர்வின் ரோசன் (1979), ஜெனிஃபர் ரோபேக் (1982) இருவரும் முன்வைத்த விளக்கம் இது. மக்கள் ஊர் விட்டு ஊர் போகலாம் என்றால், நல்ல இடத்துக்குக் கூட்டம் வரும், வாடகை ஏறும், அங்கே இருக்க ஆசைப்படுகிறவர்கள் குறைந்த சம்பளத்துக்கும் சம்மதிப்பார்கள். பிடிக்காத இடத்துக்கு ஆள் வர வேண்டும் என்றால் நிறுவனம் சம்பளத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆக, சம்பளம் அதிகம் வாடகை குறைவு என்று ஒரு நகரத்தைப் பார்த்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்தக் கூடுதல் சம்பளம் எந்தக் கஷ்டத்துக்கு ஈடாகத் தரப்படுகிறது என்று தேடுங்கள். காற்றா, வெயிலா, தனிமையா, பாதுகாப்பா? வாடகை மட்டும் அதிகம், சம்பளம் சாதாரணம் என்றால் மக்கள் எதற்கோ ஆசைப்பட்டுப் பணம் கொடுக்கிறார்கள் என்று பொருள். கடற்கரை, இரவு வாழ்க்கை, குளிர்ந்த வானிலை, நல்ல பள்ளிகள், எதுவாகவும் இருக்கலாம். இரண்டுமே அதிகம் என்றால் அங்கே தொழில் நன்றாக நடக்கிறது, நிறுவனங்கள் அந்த இடத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கின்றன.

தோழி, உங்கள் பெருநகரம் இந்தக் கடைசி வகை மாதிரித் தெரிகிறது. அப்படியானால் கேட்க வேண்டியது: அந்த வாடகைக்குள் அடங்கியிருக்கும் வசதிகளில் உங்கள் குடும்பம் எதை அனுபவிக்கப் போகிறது? நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத கச்சேரி அரங்குக்கும் கடற்கரைக்கும் சேர்த்து மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த நகரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு அது நஷ்டம். அதே வாடகை நீங்கள் தினமும் பயன்படுத்தும் ரயிலுக்கும் மருத்துவமனைக்கும் போகிறது என்றால் கொடுக்கலாம்.

நடைப்பயணி

மீனலை அருமையாகச் சொன்னார். அதோடு பயணத்தைச் சேர்க்க வேண்டும். வாடகை குறைய வேண்டும் என்று நகரத்தின் ஓரத்துக்குப் போகிறோம். அப்புறம் மிச்சம் பிடித்த வாடகை பெட்ரோலிலும் நேரத்திலும் கரைந்துபோகிறது.

சிகாகோவில் இருக்கும் ஒரு ஆய்வு அமைப்பு வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடம் தாங்காது என்பது அவர்கள் கோடு. வாடகை 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கில் மலிவாகத் தெரிந்த பல புறநகர்கள் இந்தக் கணக்கில் மலிவாக இல்லை.

நேரம் அதைவிடப் பெரிய விஷயம். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994ல் எழுதினார்: நடந்து போன காலம் முதல் கார் காலம் வரை மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் அளவுதான் செலவிடுகிறார்கள், வேகம் கூடினால் தூரத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் உடம்பு சொல்ல ஆரம்பித்துவிடும். ஜெர்மனியில் ஆண்டாண்டாகச் சேகரித்த தகவலை வைத்து ஸ்டட்சர், ஃப்ரை என்ற இருவர் 2008ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. நீண்ட தூரம் போய் வருகிறவர்களுக்கு நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுகட்டியிருக்கும் என்றுதான் பொருளாதாரம் எதிர்பார்க்கும். ஈடுகட்டவில்லை. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் நிறைவு குறைந்துகொண்டே போனது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீடு பார்க்கும்போது அறை எத்தனை, பால்கனி இருக்கிறதா என்பது கண்ணில் நிற்கிறது, பயணம் நிற்பதில்லை. பெரிய வீட்டுக்கு ஓரிரு மாதத்தில் பழகிவிடுவோம். நெரிசலுக்கு யாரும் பழகுவதில்லை, ஒவ்வொரு நாளும் அது ஒவ்வொரு விதமாகப் படுத்தும். பெரிய நகரத்தில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு, நடுத்தர நகரத்தில் தள்ளி ஒரு பெரிய வீடு என்று இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

கூடுதேடி

இது எனக்குப் புதிது, நன்றி. நாங்கள் இதுவரை பெருநகரத்தில் ஓரத்துப் பகுதிகளின் வாடகையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே பார்க்கவே இல்லை. ஆனால் அம்மாவுக்குச் சின்ன வீட்டில் மூச்சு முட்டுமே என்று கணவர் சொல்கிறார்.

சாளரம்

கூடுதேடி, நான் பல வருடங்களாக நடக்கச் சிரமப்படும் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயதானவர்களுக்கு வீட்டுக்குள் இருக்கும் சதுர அடியை விட வாசலுக்கு வெளியே இருக்கும் முதல் நூறு மீட்டர் பெரிது. படி இல்லாமல் வெளியே வர முடிகிறதா, நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, உட்கார ஒரு இடம் இருக்கிறதா, சாலையைக் கடக்கும் அளவுக்கு விளக்கு நேரம் தருகிறதா. இவை இருந்தால் அவர்கள் நாள் நீள்கிறது. இல்லாவிட்டால் பெரிய வீடும் நான்கு சுவர்தான்.

ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். 1995 ஜூலையில் சிகாகோவில் கடும் வெப்ப அலை. 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நிறையப் பேர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று ஒட்டியிருக்கும் இரண்டு பகுதிகள் அங்கே உண்டு. வறுமையும் தனியாக வாழும் முதியவர்களின் அளவும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. வெயிலும் ஒன்றுதான். ஆனால் சாவு விகிதம் நார்த் லான்டேலில் பல மடங்கு. பின்னால் ஆராய்ந்தபோது தெரிந்தது இது: சவுத் லான்டேல் தெருக்களில் கடைகள் திறந்திருந்தன, ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வந்து குளிர்ந்த இடத்தில் உட்கார முடிந்தது, ஒருவரைக் காணவில்லை என்றால் விசாரிக்க ஆள் இருந்தது. நார்த் லான்டேலில் கடைகள் போய், காலி மனைகள் பெருகி, வெளியே வரப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள்.

ஒரே நகரம், ஒரே மேயர், ஒரே தரவரிசை எண். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் உயிர் பிழைப்பதே வேறாக இருந்தது. அதனால்தான் நகரத்தை நகரத்தோடு ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் வாழப் போவது ஒரு நகரத்தில் இல்லை, அதற்குள் ஒரு சில தெருக்களில். அந்தத் தெருவை இந்தத் தெருவோடு ஒப்பிடுங்கள்.

மருதம்

சாளரம் அக்கா சொன்னதுதான் என் மனதிலும். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரியாத இடத்தில் எவ்வளவு வசதி இருந்தும் என்ன? சொந்தமோ நெருங்கிய நட்போ எந்த நகரத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் தெரியும் அதன் அருமை.

தொலைநோக்கி

மருதம் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இந்தக் குடும்பத்தின் முதல் சிக்கல் அது இல்லை. இருவரும் வேலை செய்கிறவர்கள். கேட்க வேண்டியது கிடைத்திருக்கும் வேலையைப் பற்றி இல்லை, அது போனால் கிடைக்கும் அடுத்த வேலையைப் பற்றி.

ஒரே தொழிலை, ஒரே முதலாளியை நம்பிய நகரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தாலும் அந்த நிம்மதி கடன் வாங்கியது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1950ல் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள், கார் தொழிலின் தலைநகரம். 2020ல் 6.4 லட்சத்துக்கும் குறைவு. நடுவே 2013ல் நகர நிர்வாகமே திவால் மனு போட்டது. வேலை போனவர் வேறு ஊருக்குப் போக நினைத்தால் வீட்டை வாங்க ஆள் இல்லை. வேலையும் வீட்டின் மதிப்பும் ஒன்றாகவே போகும், அதுதான் ஒற்றைத் தொழில் நகரத்தின் பயங்கரம்.

படித்த தம்பதிகள் பெருநகரங்களில் குவிவதை டோரா கோஸ்டா, மேத்யூ கான் என்ற பொருளாதார அறிஞர்கள் 2000ல் அமெரிக்கத் தகவல்களை வைத்துக் காட்டினார்கள். இருவருக்கும் ஒரே இடத்தில் தகுந்த வேலை கிடைப்பது பெரிய சந்தையில்தான் எளிது என்பது அவர்கள் விளக்கம். பின்னால் வேறு ஆய்வாளர்கள், தம்பதிகள் தேடிப் போவதை விட, படித்த இளைஞர்கள் பெருநகரத்துக்கு வந்து அங்கேயே ஒருவரையொருவர் கண்டு மணந்துகொள்வதுதான் பெரிய காரணம் என்று மறுத்தார்கள். அந்த வாதம் எப்படிப் போனாலும் உங்கள் வீட்டுக் கணக்கு மாறாது. நடுத்தர நகரத்தில் உங்கள் துறையில் எத்தனை நிறுவனங்கள்? பெருநகரத்தில் கணவர் துறையில் எத்தனை? விளம்பரங்களை வைத்து ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். யாருடைய துறை எந்த ஊரில் மெலிந்திருக்கிறதோ, அவர்தான் இந்த மாற்றத்தின் விலையைக் கொடுக்கப் போகிறவர். பெரும்பாலும் அது மனைவியாகத்தான் இருக்கிறது, அதையும் வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

மருதம்

சரி, வேலை முக்கியம்தான். ஆனால் வேலை இருபது வருடத்தில் பத்து தடவை மாறும். அம்மா ஒருவர்தான்.

தொலைநோக்கி

அதனால்தான் வேலை மாறினாலும் ஊர் மாறாமல் இருக்க முடிகிற நகரம் வேண்டும் என்கிறேன். அம்மாவை ஒவ்வொரு முறையும் பெயர்த்து நடக்கூடாது.

கல்தூண்

புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, புகழ் பெற்ற பல நகரங்கள் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் சுகமானவை.

வியன்னாவைக் கொண்டாடுவதற்குப் பெரிய காரணம் வீடு. 1920களில் நகராட்சி தொடங்கிய திட்டம் தொடர்ந்து, இன்று ஏறத்தாழ பாதி மக்கள் நகராட்சி வீடுகளிலோ மானிய வீடுகளிலோ இருக்கிறார்கள். ஆனால் நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால் பொதுவாக அந்த நகரத்தில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் கட்டுப்பாட்டு வாடகை வீட்டுக்கு வரிசையில் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 80 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட மக்கள் அரசு வீட்டுவசதி வாரியத்தின் அடுக்ககங்களில் வாழ்கிறார்கள், ஆனால் வாரியத்திடமிருந்து நேரடியாகப் புது வீடு வாங்குவது குடிமக்களுக்குத்தான். வெளியிலிருந்து போகிறவருக்கு இந்த மூன்று நகரங்களும் சராசரி காட்டுவதை விடச் செலவு பிடித்தவை.

டோக்கியோ இதற்கு மாறானது. பெருநகரப் பகுதியில் சுமார் 3.7 கோடி மக்கள், இருந்தும் நில விதிகள் தேசிய அளவில் தளர்வாக இருப்பதால் புதிய வீடுகள் தொடர்ந்து கட்டப்படுகின்றன. அந்த அளவு நகரத்துக்கு வாடகை கட்டுக்குள் இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

ஆக சராசரி வாடகையைப் பார்க்காதீர்கள். இன்றைக்குப் புதிதாக வந்து ஒப்பந்தம் போடுகிறவர் என்ன கொடுக்கிறார் என்று பாருங்கள். அதோடு வீடு கட்டுவது நடக்கிறதா என்றும் பாருங்கள். எங்கும் கட்டுமானமே இல்லாத நகரம் பார்க்க அமைதியாக இருக்கும், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதன் விலை தெரியும்.

நிழல்மரம்

யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லையே. வேலையை மாற்றலாம், வீட்டை மாற்றலாம், பள்ளியை மாற்றலாம். ஒரு நகரத்தின் காற்றையும் தண்ணீரையும் எந்தக் குடும்பமும் தனியாக மாற்ற முடியாது. அதனால் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உலக சுகாதார நிறுவனம் 2021ல் காற்றில் மிதக்கும் பிஎம் 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரிக்கு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. அதற்கு முன் அது 10. உலகின் பெரும்பாலான நகரங்கள் இதைத் தாண்டித்தான் இருக்கின்றன, ஆகவே தாண்டியிருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை மடங்கு, வருடத்தில் எத்தனை மாதம் என்று கேளுங்கள். ஆண்டுச் சராசரி நன்றாக இருந்தும் குளிர்காலத்தில் மூன்று மாதம் மூச்சுத் திணறும் நகரங்கள் உண்டு. நீங்கள் பார்க்கப் போவது மற்ற ஒன்பது மாதங்களில் ஒன்றாக இருந்துவிட்டால் தெரியவே தெரியாது.

தண்ணீருக்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் உதாரணமே போதும். உலகம் கொண்டாடும் அழகான நகரம். மூன்று வருட வறட்சிக்குப் பிறகு 2018 பிப்ரவரியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு போட வேண்டி வந்தது. குழாய்களை நிறுத்தும் நாளைக் குறித்துவைத்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள். மக்கள் சிக்கனத்தாலும் பின்பு வந்த மழையாலும் அந்த நாள் வராமல் போனது. நகரத்தின் நீர் ஒரே மூலத்திலிருந்து வருகிறதா, பல மூலங்களா என்பதை இதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

வெயிலுக்கு உதாரணம் ஐரோப்பாவின் 2003 கோடை வெப்ப அலை. பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பாரிஸில் கூரைக்கு நேர் கீழே மேல்மாடியில் தூங்கியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. குளிருக்கென்று கட்டிய வீடுகள் அவை. அம்மா இருக்கும் வீட்டுக்கு மேல்மாடி வேண்டாம், கூடுதேடி.

மரங்களுக்கு எளிய அளவு ஒன்று இருக்கிறது. நகர வனவியல் அறிஞர் செசில் கோனைனென்டைக் 2021ல் சொன்னது: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரமாவது தெரிய வேண்டும், அந்தப் பகுதியில் 30 சதவீதம் மர நிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. வீடு பார்க்கப் போகும்போது ஜன்னலைத் திறந்து எண்ணிவிடலாம்.

மீனலை

நிழல்மரம், முழுக்கச் சம்மதம். ஆனால் வானிலை இதமா என்பதையும் அது ஆபத்தா என்பதையும் பிரித்துவிடலாம். 1998ல் ஷ்கேட், கானமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களையும் தெற்குக் கலிபோர்னியா மாணவர்களையும் கேட்டார்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்களே அதிக நிறைவோடு இருப்பார்கள் என்று இரு பக்கமும் நினைத்தது. அவரவர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது நிறைவு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு ஊரை ஒப்பிடும்போது எது வித்தியாசமோ அதிலேயே கண் நிலைத்துவிடுகிறது. தினசரி வாழ்க்கையின் பெரும்பகுதி இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் என்பது மறந்துபோகிறது. கூடுதேடி நடுத்தர நகரத்தை நிம்மதி என்கிறாரே, அந்த நிம்மதி சுற்றிப் பார்த்த நாட்களின் நிம்மதியா, திங்கட்கிழமை காலையின் நிம்மதியா என்று கேட்டுப் பார்க்கலாம்.

எண்மணி

நகரம் எந்தத் திசையில் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலம்பியாவின் மெடலின் 1991ல் உலகிலேயே கொலைகள் மிக அதிகம் நடந்த நகரங்களில் ஒன்று. 2004ல் மலைச்சரிவுக் குடியிருப்புகளைப் பெருநகர ரயிலோடு இணைக்கும் கம்பிவட ஊர்திகள் ஓடத் தொடங்கின, நூலகங்களும் பூங்காக்களும் அந்தப் பகுதிகளுக்கே போயின. வேறு காரணங்களும் சேர்ந்துதான் கொலைகள் பெருமளவு குறைந்தன. இன்றைய மதிப்பெண் இரண்டு நகரத்துக்கும் ஒன்றாக இருந்தாலும் ஒன்று ஏறிக்கொண்டும் மற்றது இறங்கிக்கொண்டும் இருக்கலாம். உங்கள் மகள் வளர்ந்து முடிக்கும் வரை இருக்கப் போகிறீர்கள் என்றால், பத்து வருடத்துக்கு முந்தைய நிலையோடு வைத்துப் பாருங்கள்.

கூடுதேடி

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. இந்த இழையை அச்செடுத்து வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து படித்தோம்.

தொலைநோக்கி சொன்னபடி விளம்பரங்களை எண்ணினோம். நடுத்தர நகரத்தில் என் துறையில் இரண்டே நிறுவனங்கள், அதில் ஒன்று ஆளையே எடுக்கவில்லை. பெருநகரத்தில் கணவர் துறைக்குத் தாராளமாக இருக்கிறது. காற்றில் நடுத்தர நகரம் மேல், ஆனால் வித்தியாசம் நாங்கள் நினைத்த அளவுக்கு இல்லை. மீனலை கேட்ட கேள்விக்குக் கணவரே பதில் சொன்னார்: அவர் பார்த்தது முழுக்க விடுமுறை நாட்கள்.

பெருநகரத்துக்குள் ரயில் நிலையத்தை ஒட்டிய இரண்டு பகுதிகளைக் குறித்திருக்கிறோம். வீடு சிறியதுதான். வாடகையையும் பயணத்தையும் கூட்டினால் நாங்கள் முன்பு பார்த்த புறநகர் வீட்டை விடக் கொஞ்சம்தான் அதிகம், பயண நேரம் பாதிக்கும் கீழே. அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அறை சின்னதாக இருந்தால் பரவாயில்லை, கீழே பூங்கா இருக்கிறதா என்று கேட்டார்.

இன்னும் ஒன்று மட்டும் முடிவாகவில்லை. மகள் இந்த ஆண்டு வகுப்பின் நடுவில் இருக்கிறாள். நான் முதலில் போய்ச் சேர்ந்து அவர்கள் பிறகு வருவதா, எல்லோரும் ஒன்றாகவா?

சாளரம்

கல்வியாண்டு முடிய சில மாதங்கள்தான் என்றால் நீங்கள் முன்னால் போங்கள். அந்த மாதங்களில் அந்த இரண்டு பகுதிகளிலும் வேலை நாள் மாலையில் நடந்து பாருங்கள், ஒரு மழை நாளில் இன்னொரு முறை. பள்ளியில் இடம் உறுதியான பிறகு வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், முன்னால் வேண்டாம். முதல் வருடம் வாடகைதான், வாங்கும் பேச்சே வேண்டாம்.

நடைப்பயணி

வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு அம்மாவின் நடையில் எவ்வளவு நேரம் ஆகும் என்றும் பார்த்துவிடுங்கள். வரைபடம் காட்டும் நேரம் இளைஞரின் நடைக்கு. அப்புறம் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்பதோடு அது ஓடுகிறதா என்பதையும்.

மருதம்

கணவர் வேலை தேடும் காலத்தில் அவரும் மகளும் அம்மாவும் இருக்கும் இடத்தில் யாராவது துணைக்கு இருக்கிறார்களா? இல்லை என்றால் எல்லோருமாகவே போய்விடுங்கள், பள்ளியில் பேசிப் பாருங்கள்.

கூடுதேடி

என் தங்கை இங்கேதான் இருக்கிறாள், மருதம். வந்து தங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் நான் மட்டும் கிளம்புகிறேன். முதல் வேலையாக அந்த நிலையத்தின் லிஃப்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.